தும்மல்காரி போட்ட முடிச்சு

1

டிசம்பர் பாதியிலிருந்து தை முடியும்வரை நான் குடியிருக்கும் இந்த டெக்சாஸ் ஊர் மொத்தமும் தும்முகிறது. நான் தும்முவதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், கண் பட்டாலும் பரவாயில்லை.

அமெரிக்கக் குளிர்காலம் என்றதும் உங்களுக்குப் பனியும் கோட்டும் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் பனி விழுவதே அபூர்வம். குன்று முழுக்கச் 'சீடர்' என்கிற ஊசியிலை மரங்கள். நம்மூரில் மார்கழி பிறக்கும் சமயத்தில் இங்கே அந்த மரங்களிலிருந்து மஞ்சள் தூள் கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது காடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்த்தார். புகை இல்லை, மகரந்தம். கார், ஜன்னல், காயப்போட்ட துணி எல்லாவற்றிலும் படியும். டிவியில் மழை வருமா என்று சொல்வதற்கு முன்னால், இன்று எவ்வளவு மகரந்தம் பறக்கும் என்றுதான் சொல்வார்கள். இதற்குச் 'சீடர் காய்ச்சல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காய்ச்சலே அடிக்காது. மூக்கும் கண்ணும்தான் மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணிவிடும்.

இன்று காலை திண்டுக்கல்லிலிருந்து தம்பி கணேசன் போன் பண்ணினான். அவனுக்குக் கல்யாணமாகி இன்றோடு நாலு வருஷம். நான் வாழ்த்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஏக்கா, மூக்கு எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்குடா."

போனை வைத்ததும் மகள் பொன்னி, மாமா ஏன் எப்போது பார்த்தாலும் உன் மூக்கையே விசாரிக்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். பதினொரு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். உட்காரச் சொல்லிக் கதையை ஆரம்பித்தேன். பெண் பார்க்க வந்ததுவரைகூடப் போயிருக்க மாட்டேன், சிநேகிதி கூப்பிடுகிறாள் என்று எழுந்து போய்விட்டாள். சரி போ. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களாவது எழுந்து போகாமல் கேளுங்கள்.

2

எங்கள் வீடு தாடிக்கொம்பு ரோட்டில். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கரில் சோளமும் வெங்காயமும். தை மாதம் சோளத்தட்டை அறுத்துப் படப்பாக அடுக்கும்போது எல்லோருக்கும் உடம்பு அரிக்கும். எனக்கு அதோடு கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு தும்மல் வரும். சித்திரை வெயிலில் என்னை மாதிரி ஆரோக்கியமான பெண் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மார்கழியும் தையும்தான் எனக்கு ஆகாது. சளி என்று சொல்லித் தூதுவளை, துளசி, மிளகுக் கஷாயம் என்று எதையெதையோ ஊற்றினார்கள். எல்லாவற்றையும் குடித்துவிட்டுத் தும்மினேன்.

நம்மூரில் தும்மலை வியாதி என்று யார் சொன்னார்கள்? அது சகுனம். வெங்காய மூட்டையை மண்டிக்கு ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பும்போது நான் தும்மினால், வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, செத்த நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். அதிலும் ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் தோஷமில்லை. அதனால் நான் ஒரு தடவை தும்மியதுமே அம்மா அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவருவாள்.

"ஏ பரமு, ஒத்தையா விட்றாதடி! இன்னொண்ணும் தும்மிரு!"

கேட்டால் வருமா தும்மல்? அம்மாவுக்காக எத்தனையோ நாள் பொய்யாக இன்னொரு தும்மல் தும்மியிருக்கிறேன்.

காந்திகிராமத்தில் படிப்பை முடித்ததும் பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தது நத்தத்துக்காரர்கள், ஒரு தை மாதம். காபித் தட்டோடு போய் நின்றேன். மூன்று தும்மல். காபி தட்டில் தளும்பி, மாப்பிள்ளையின் அம்மா புடவையில் விழுந்தது. ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது அந்த லெட்டர்.

அடுத்து வந்தது ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா தன்மையானவர். "ஏனுங்க, பொண்ணுக்குக் குளிர் ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லங்க, உள்ள மொளகா வறுத்தோம், அதான்" என்று அம்மா கூசாமல் சொன்னாள். மிளகாய் வறுத்த வாடையே இல்லாத வீட்டில் அவர் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

அன்றைக்குத்தான் பெரியத்தை அந்த வார்த்தையைச் சொன்னாள். அப்பாவின் அக்கா அவள். அவள் வாய்க்கு அப்பாவே பயப்படுவார். "இவ நிக்கிற எடத்துல ஒரு நல்ல காரியம் நடக்காது" என்றாள். எனக்கு இருபத்திரண்டு வயது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இதை எழுதும்போதும் தைக்கத்தான் செய்கிறது.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த வரனைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தாள். வியர்த்து வழிய வழிய ஒரு மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். என் மூக்கு கம்மென்று கிடந்தது. வைகாசியில் கல்யாணம், புரட்டாசியில் டெக்சாஸ். மார்கழி வந்தது. காலையில் தொடர்ந்து பதினேழு தும்மல் தும்மினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்கம்மா எதுக்குச் சித்திரையில வரச் சொன்னாங்கன்னு இப்பத்தான் புரியுது" என்று சிரித்தார்.

3

இங்கே வந்து முதல் தும்மல் கடையில், தக்காளி பொறுக்கும்போது வந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்மணி சட்டென்று ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்று நினைத்து "சாரி" என்றேன். மறுபடி தும்மல், மறுபடி அவள் ஏதோ சொல்ல, மறுபடி நான் சாரி. இப்படி ஐந்து தடவை. வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னபோதுதான், யார் தும்மினாலும் இங்கே 'ப்ளெஸ் யூ' என்று வாழ்த்துவார்கள் என்று அவர் விளக்கினார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. தும்மினால் வாழ்த்துகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதா!

வாழ்த்தினால் மூக்கு நின்றுவிடுமா? நாலைந்து குளிர்காலம் கைக்குட்டையும் கையுமாகத்தான் கழிந்தது. பொன்னியைப் பள்ளியில் விடப் போனால், மற்ற அம்மாக்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். கடைசியில் ஒரு டாக்டர் என் முதுகில் வரிசையாகக் குத்தி எதெதையோ தடவினார். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் ஆமவடை சைஸுக்கு வீங்கியது. "சீடர்" என்று வெற்றிக்களிப்போடு சொன்னார். வியாதியின் பேரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தால் வைக்கோல் காய்ச்சல் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் வைக்கோல் தின்கிற மாட்டுக்கே அப்படி ஒரு காய்ச்சல் வந்ததில்லை.

மூன்று வருஷம் ஊசி போட வேண்டும் என்றார். உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: இந்தச் சிகிச்சை அவசியம்தான் என்பதற்கு ஆதாரம் தேவை. நான் அனுப்பிய காகிதம் போதாது என்று இன்னொரு கடிதம். அதற்குப் பதில் எழுதினால், தவறான படிவத்தில் எழுதிவிட்டீர்கள் என்று மூன்றாவது. போன் பண்ணினேன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று சுற்றவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் கிடைத்தாள். என் பேரைச் சொல்வதற்குள் தும்மல் பிடித்துக்கொண்டது. அவள் வாழ்த்த, நான் தும்ம, அவள் வாழ்த்த, நான் தும்ம. கடைசியில் அவளே, "இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம் மேடம்" என்றாள். அந்த வாரமே அனுமதி வந்துவிட்டது.

வாரம் தவறாமல் ஊசி. அவரை எத்தனை நாள் லீவு போடச் சொல்வது? நானே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாவது குளிர்காலம். குன்று மேல் மஞ்சள் தூள் கிளம்பியதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ஒரு தும்மல் கிடையாது! அந்தத் தூளை நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். அன்றைக்குக் கேசரி கிண்டினேன்.

4

அந்தச் சமயத்தில்தான் கணேசனுக்குப் பெண் நிச்சயமானது. நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்கிற குடும்பம். பெண் பேர் சுதா. தை மாதம் கல்யாணம்.

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் அவனுடைய சகோதரிதான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அந்த உரிமை என்னுடையது. அவனுக்கு நான் ஒரே அக்கா. தை மாதம் என்று கேட்டதும், பழைய பரமுவாக இருந்தால் உள்ளூர நடுங்கியிருப்பேன். இப்போது எனக்கென்ன?

"அம்மா, தும்மல் போயே போச்சும்மா! ஊசி போட்டு ஒழிச்சுட்டேன்" என்று போனில் கத்தினேன். அம்மா அதைத் தாடிக்கொம்புப் பெருமாள் கோயில்வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தும்மல் மாத்திரை டப்பாக்களையெல்லாம் இங்கேயே குப்பையில் கொட்டிவிட்டு, பொன்னியோடு விமானம் ஏறினேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அங்கேதான் நான் செய்த தப்பு. தும்மல் என்பது என் மூக்கில் குடியிருந்த ஒரு பிசாசு, ஊசி போட்டு விரட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பின்னால் சோளப்படப்பு. ரோட்டோரம் வேலிக்கருவை. சிறுமலைப் பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. ஆரத்தித் தட்டு மூன்றாவது சுற்று வருவதற்குள் பதினொரு தும்மல். தட்டிலிருந்த கற்பூரம் அணைந்துவிட்டது. பெரியத்தை மோவாயில் கைவைத்தாள்.

"அமெரிக்கா ஊசி என்னாச்சுடி?"

பொழுது சாய்ந்ததும் எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். டெக்சாஸில் அப்போது காலை. டாக்டர் ஆபீஸ் நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கள் ஊரில் சீடர் மரம் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்புறம் அந்த ஊசி எப்படி வேலை செய்யும்? அது சீடருக்கு மட்டும்தானே."

"இதை ஏம்மா மூன்று வருஷமாகச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே மேடம்."

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த எந்த வசவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

வரும் வழியில் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். தும்மல் நின்றது. நானும் நின்றுவிட்டேன், அதாவது மறுநாள் பந்தக்கால் ஊன்றுகிறவரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் தெளித்து எழுப்பியும் உட்கார்ந்த வாக்கில் மறுபடி தூங்கினேனாம். முகூர்த்தம் விடிகாலையில். இந்த மாத்திரையைப் போட்டால் மணவறையில் மணப்பெண் மேலேயே சாய்ந்துவிடுவேன். தூங்கி விழுகிற நாத்தனாரைவிடத் தும்முகிற நாத்தனார் மேல் என்று முடிவு பண்ணினேன்.

5

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் பெரியத்தை கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச்சை எடுத்தாள்.

"உங்கம்மா கழுத்துல நாத்தனார் முடிச்சுப் போட்டவ நான். நல்லது கெட்டது எனக்குத் தெரியும். தாலி ஏறுற நேரத்துல பின்னால நின்னு இவ தும்முனா அந்தப் புள்ள வாழ்க்கை என்னாகுறது? சித்தப்பன் மக வசந்தி இருக்காள்ல, அவளும் தங்கச்சி முறைதான. அவ போடட்டும்."

அப்பா, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனார். கணேசன் என் முகத்தைப் பார்த்தான். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்த இரண்டு முடிச்சுக்காகத்தானே வந்தேன்! அதையும் இவள் பிடுங்குகிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

"நான்தான் போடுவேன் அத்தை. எந்தம்பி கல்யாணத்துல எனக்கு…" என்று எழுந்தேன். அதற்கு மேல் தும்மல்தான் வந்தது.

"ப்ளெஸ் யூ" என்றாள் பொன்னி. அப்போது அவளுக்கு ஏழு வயது.

"என்ன சொல்றா இவ?" என்றாள் பெரியத்தை.

"அம்மா பேட் இல்ல பாட்டி. அலர்ஜி" என்றாள் பொன்னி. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதுவரை தலையைக் குனிந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"பரமுதான் போடுவா மதினி."

"தும்முனா?"

"தும்முனா தும்மட்டும். இவ மூக்குக்காக மாப்பிள வீட்டுக்காரங்ககிட்ட பொய் சொன்னேன், சித்திரை வரைக்கும் ஒளிச்சு வச்சேன். இனி என்னால ஒளிக்க முடியாது. எம்மகளுக்கு என்ன கொற?"

அம்மா பெரியத்தையை எதிர்த்துப் பேசி நான் பார்த்த முதல் நாள் அது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பெரியத்தை விடுகிற ஆள் இல்லை.

"சரி. வசந்தியும் பக்கத்துலயே நிக்கட்டும். மணவறையில இவ தும்மல் எங்காதுல விழுந்துச்சு, அந்த நிமிசமே இவள எறக்கிட்டு வசந்திய ஏத்திருவேன். அப்ப யாரும் பேசக்கூடாது."

எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

6

திண்டுக்கல்லில் மண்டபம். விடிவதற்குள் பூ லாரி ஒன்று வந்து நின்றது. பூக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் அல்லவா, தூணுக்குத் தூண் மல்லிகை, மணவறை முழுக்க சம்பங்கி, செவ்வந்தி. வாசலில் கால் வைக்கும்போதே மூக்கு குறுகுறுத்தது. பின்பக்கம் ஓடினேன். அங்கே தவில்காரர் தோளில் துண்டோடு இட்லி தின்றுகொண்டிருந்தார். அவர் எதிரிலேயே ஏழு தும்மல் தும்மி முடித்தேன்.

"நீங்கதான் முடிச்சுப் போடுற அக்காவா?" என்றார். மண்டபம் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

"ஆமாண்ணே. தும்மல் வந்துருச்சுன்னா போச்சு."

"ஏன் போகுது? கெட்டிமேளம் எதுக்கு வச்சாங்கன்னு நெனைக்கிறீங்க? தாலி ஏறுறப்ப எவனாச்சும் இருமுவான், தும்முவான், எவனோ ஒருத்தன் 'எல்லாம் போச்சு'ம்பான். அதொண்ணும் காதுல விழக்கூடாதுன்னுதான. மேளம் ஆரம்பிக்கிறவரைக்கும் நீங்க அடக்குங்க. அதுக்கப்புறம் என் பொறுப்பு. நான் ஐயர் கையப் பாக்க மாட்டேன், உங்க மூக்கத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

மணவறையில் சுதாவுக்குப் பின்னால் போய் நின்றேன். என் இடது பக்கம் வசந்தி, பாவம், என்னைவிட அவளுக்குத்தான் உதறல். எதிரே முதல் வரிசையில் பெரியத்தை, காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓமப் புகை முகத்துக்கு நேராக வந்தது. சுதாவின் சடை நிறையப் பூ, என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். கால் விரலைக் கால் விரலால் மிதித்தேன். முருகா முருகா என்றேன். ஐயர் மந்திரத்தை முடிப்பேனா என்கிறார்.

ஒரு வழியாகத் தாலித் தட்டு சுற்றி வந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் இடித்தது. கணேசன் முதல் முடிச்சைப் போட்டு விலகினான். நான் மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். அந்தக் கணம் வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து! தவில்காரர் என் மூக்கைப் பார்த்துவிட்டார். வாசிப்பு இரண்டு மடங்காக ஏறியது. நாகஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நான் தும்மினேன். மறைக்கவில்லை, முந்தானையைத் தேடவில்லை, மனசாரத் தும்மினேன். தும்மிக்கொண்டே இரண்டாவது முடிச்சு, தும்மிக்கொண்டே மூன்றாவது முடிச்சு. மொத்தம் மூன்று தும்மல். ஐயர் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தச் சொன்னபோதும் தவில்காரர் நிறுத்தவில்லை. நான் நிமிர்ந்து சிரித்த பிறகுதான் கையை எடுத்தார்.

முடிச்சுப் போட்டுவிட்டேன். என் கையால் போட்டுவிட்டேன்!

7

பந்தியில் மணமக்களோடு எங்களையும் உட்காரவைத்தார்கள். பெரியத்தை ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். பெண் வீட்டார் காதில் விழும்படி, "முந்தாநா குலசாமிக்குக் காசு முடிஞ்சு வச்சேன்ல, பாருங்க, ஒரு தும்மல் இல்ல. நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வயதில் கதவுக்குப் பின்னால் நின்ற பெண் எனக்குள் இருந்தாளே, அவள் விடவில்லை.

"தும்முனேன் அத்தை. மூணு தும்மல். முடிச்சுப் போடுறப்பவே."

சாம்பார் வாளிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். கணேசன் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்தான். பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவசரப்பட்டு அந்தப் பெண்ணின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

சுதாதான் முதலில் சிரித்தாள். அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காத கல்யாணப் பெண் அவள்.

"எனக்கு அப்பவே தெரியும் மதினி. எம் பின்கழுத்து, கயிறு எல்லாம் ஈரமாயிருச்சு" என்றாள். பிறகு பெரியத்தை பக்கம் திரும்பினாள். "நாங்க பூக்கட்டுற ஆளுங்க பெரியம்மா. காஞ்ச நார்ல முடிச்சே நிக்காது. நனைச்சுக்கிட்டுத்தான் போடுவோம். ஈரத்துல போட்ட முடிச்சு காயக் காய இறுகும். இனி யாரு நெனைச்சாலும் அவுக்க முடியாது."